காதல் கதை நானூறு ஆண்டு நிலைக்க வேண்டுமா? திருகோணமலை முறை

நீங்கள் ஒரு காதல் காவியம் எழுதி முடித்துவிட்டீர்கள். இளவரசன் உண்டு, இளவரசி உண்டு, கடல் உண்டு, கடைசியில் கல்யாணமும் உண்டு. வெளியீட்டு விழாவில் பொன்னாடை விழுந்தது. முதற்பிரதி வாங்கிய வர்த்தகப் பிரமுகர் அதைப் பளபளக்கும் உறையோடே வாங்கி, உறையோடே அலமாரியில் வைத்தார். நண்பர்கள் படித்ததாகச் சொன்னார்கள். எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்கும் அளவுக்கு நீங்கள் கொடியவர் இல்லை.

இனி ஒரே ஒரு கவலை. 2425ஆம் ஆண்டில் இதை யாராவது வாசிப்பார்களா?

வாசிக்க வைக்கலாம். அதற்கான வழிகள் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி ஏற்கெனவே பரீட்சித்துப் பார்க்கப்பட்டவை. கோணேசர் மலை, பிரெடெரிக் கோட்டை, தம்பலகாமத்து வயல்வெளி, கந்தளாய்க் குளக்கட்டு எல்லாம் இந்தப் பரிசோதனைச் சாலையின் அறைகள். வெளிநாட்டுச் சான்று இல்லாமல் எதையும் நம்ம ஆட்கள் நம்பமாட்டார்கள் என்பதால், இடைக்கால ஜெர்மானியப் பிரபுக்களின் காதல் காவியங்கள் பிழைத்த விதத்தையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன். அவர்கள் கன்றுத்தோலில் எழுதினார்கள், நாம் பனையோலையில் எழுதினோம். பிழைக்கும் சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தேவையான பொருட்கள்

பதமாக்கிய பனையோலை ஒரு கட்டு. எழுத்தாணி ஒன்று. எழுத்துத் துலங்கப் பூச விளக்குக்கரியும் இலைச்சாறும். சுவடிக்கு மேலும் கீழும் வைக்க மரச்சட்டம் இரண்டு, கோக்கக் கயிறு. பூச்சி வராமலிருக்க மஞ்சள், வசம்பு, வேப்பிலை. தொங்கவிட அடுப்படியில் புகை படும் ஓர் இடம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள். இவர்கள் எதற்கு என்பது போகப் போக விளங்கும்.

படி 1: காதலைக் குறையுங்கள், கணக்கைக் கூட்டுங்கள்

கோணேசர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கவிராச வரோதயர் பாடியதாக மரபு சொல்லும் நூல். பாட்டும் உரைநடையும் கலந்து வரும். குளக்கோட்டன் என்ற அரசன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த கதை அதில் இருக்கிறது. கதையோடு நிறுத்தியிருந்தால் கவிராசரின் ஏட்டைக் கறையான் எப்போதோ வாசித்து முடித்திருக்கும்.

கவிராசர் கெட்டிக்காரர். அரசன் கதையைச் சொன்ன கையோடு, கோயிலுக்கு யார் யாரைக் கொண்டுவந்து குடியிருத்தினார்கள் என்று எழுதினார். மருங்கூரிலிருந்து வந்தவர்கள் யார், தானத்தாரின் பொறுப்பு என்ன, வரிப்பத்தாரின் தொழும்பு என்ன, மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலனுக்கு என்ன அதிகாரம், நெல்லை அளப்பது யார், எண்ணெய் கொடுப்பது யார், பூ எடுப்பது யார் என்று வரிசைப்படுத்தினார். அந்த நிமிடமே அவருடைய நூல் இலக்கியத்திலிருந்து பத்திரமாக வெளியேறி உறுதிக்கட்டோடு சேர்ந்துவிட்டது.

காணி உறுதியை யாராவது தொலைப்பார்களா? ஆடிப்பெருக்கில் பழைய சுவடிகளை ஆற்றில் விட்ட கதை தமிழ்நாட்டில் உண்டு. அப்படிப் போனவற்றில் காவியம் இருந்திருக்கும், வைத்தியம் இருந்திருக்கும், சோதிடம்கூட இருந்திருக்கும். திருவிழாவில் முதல் காளாஞ்சி யாருக்கு என்று எழுதிய ஏடு மட்டும் போயிருக்காது.

இந்த ஏற்பாட்டின் பலத்தைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கோயிலை இடித்துவிட்டார்கள். மூர்த்தியைத் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோய் ஆதிகோணேசுவரத்தில் வைத்துப் பூசை நடத்தினார்கள் என்பது மரபு. மலையில் கோயில் இல்லை, ஆனாலும் யாருக்கு எந்த வேலை, எந்த மரியாதை என்ற கேள்வி மட்டும் வயல்வெளிக்குக் கூடவே போனது. கேள்வி இருந்ததால் ஏட்டுக்கும் வேலை இருந்தது. 1993இல் பண்டிதர் இ. வடிவேல் அதை இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் வெளியீடாகப் பதிப்பித்தபோது, அவர் கைக்கு எட்டியது ஒரு கவிஞரின் புகழால் பிழைத்த நூல் என்று நினைக்காதீர்கள். பல தலைமுறைகளின் உரிமைப் பேச்சு அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

செய்முறை: உங்கள் கதாநாயகி முதன்முதலில் நாயகனைப் பார்க்கும் இடத்தை நான்கு வரியில் முடியுங்கள். கல்யாணப் பந்தலில் யார் வீட்டுக்கு முதல் வெற்றிலை என்பதற்கு நாற்பது வரி ஒதுக்குங்கள்.

படி 2: ஆண்டைப் பின்னால் தள்ளுங்கள், மூலத்தைத் தூரத்தில் வையுங்கள்

கதை நேற்று நடந்தது என்றால் சாட்சிக்காரன் எழும்பி நிற்பான். ஆகவே கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எவ்வளவு தள்ளலாம்? குளக்கோட்டன் திருப்பணிக்குக் கோணேசர் கல்வெட்டு கலியுகம் 512 என்று கணக்குக் காட்டுகிறது. இன்றைய கணக்கில் கிறிஸ்துவுக்கு முன் 2590 அளவில் வரும். யாழ்ப்பாண வைபவமாலை அவ்வளவு தாராளம் காட்டாமல் சக ஆண்டு 358 என்று நிறுத்திக்கொண்டது. அது கி.பி. 436. பிரெடெரிக் கோட்டையில் கிடைத்த உடைந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்றோ, சோடகங்கன் என்பவன் சக ஆண்டு 1145இல் வந்தான் என்கிறது. அது கி.பி. 1223. இவன்தான் குளக்கோட்டனாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் சிலரின் எண்ணம். ஒரே அரசனுக்கு மூவாயிரத்து எண்ணூறு ஆண்டு இடைவெளியில் மூன்று பிறந்தநாள். மூன்றில் எது சரி என்று பேசுவதற்கே ஒரு நூலகம் எழுதப்பட்டுவிட்டது. சரியான ஆண்டைப் போட்டிருந்தால் இவ்வளவு பேருக்கு வேலை கிடைத்திருக்குமா?

மூலத்தையும் இப்படியே செய்யுங்கள். நான்தான் எழுதினேன் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் ஊர்த் தலபுராணக்காரர் வடமொழியில் ஏற்கெனவே இருந்ததைத் தமிழில் தந்தேன் என்பார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்சிவால் என்ற பெருங்காவியம் பாடிய வொல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் இவர்களுக்குச் சளைத்தவரில்லை. கியோட் என்று ஒருவர் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கைவிடப்பட்டுக் கிடந்த அரபுச் சுவடியில் இந்தக் கதையைக் கண்டார், அவரிடமிருந்து எனக்கு வந்தது என்று எழுதிவைத்தார். அந்தக் கியோட்டை இன்றைக்கும் தேடுகிறார்கள். அதே காவியத்தில் தனக்கு எழுத்தே தெரியாது என்றும் சொல்லிவிட்டார். எழுத்தறியாதவர் பாடிய காவியத்துக்குக் கையெழுத்துப் பிரதிகளும் துண்டுகளுமாக எண்பதுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. எழுத்தறிந்த பலருக்கு ஒன்றுகூட இல்லை.

ஆசிரியர் பெயரிலும் சிறிது புகை விடுங்கள். தட்சிண கைலாச புராணத்தைப் பாடியவர் யாழ்ப்பாண அரசர் செகராசசேகரனா, பண்டிதராசரா என்று இன்றும் இருபக்கமும் பேசுகிறார்கள். பேச்சு நடக்கும்வரை நூலும் கையில் இருக்கும்.

படி 3: மாப்பிள்ளையை மாற்ற இடம் விடுங்கள்

திருகோணமலையின் அசல் காதல் கதை ஆடகசவுந்தரியுடையது. கலிங்கத்தில் பிறந்த குழந்தையைப் பேழையில் வைத்துக் கடலில் விட்டார்கள். பேழை இலங்கைக் கரைக்கு வந்தது. குழந்தை உன்னாசகிரியில் வளர்ந்து அரசியானாள். குளக்கோட்டன் கோயில் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, அவனை விரட்டப் படை அனுப்பினாள். படை போன இடத்தில் சண்டைக்குப் பதிலாகச் சம்பந்தம் பேசி முடிந்தது. சீதனமாகக் கந்தளாய்க் குளம் எழும்பியது, பூதங்கள் மண் சுமந்தன.

பேழை, கடல், படை, பகை, கல்யாணம், பூதம் என்று அத்தனையும் உண்டு. எந்த ஜெர்மானியப் பிரபுவின் மண்டபத்திலும் ஒரு மாதம் வாசிக்கலாம். ஆனால் இதன் உண்மையான கெட்டித்தனம் வேறு. தெற்கே மட்டக்களப்பு மரபுக்குப் போனால் ஆடகசவுந்தரியின் கை மகாசேனனுக்குப் போகிறது. நாயகி அவளே, பேழை அதே பேழை, மாப்பிள்ளை மட்டும் வேறு.

இதைக் கேட்டுச் சில எழுத்தாளர்கள் கோபப்படுவார்கள். மாப்பிள்ளையை மாற்றினால் கதை என்னாவது என்பார்கள். ஒரு கதை ஊர்விட்டு ஊர் போகும்போது அந்த ஊர்க்காரருக்கு அதில் ஒரு நாற்காலி வேண்டும். நீங்கள் நாற்காலி எல்லாவற்றையும் ஆணியடித்து வைத்தால், அவர்கள் நின்றுகொண்டு கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஏடெழுதுகிறவர்களும் எழுத்தோடு நிற்பதில்லை. புள்ளி வைக்காத ஓலையில் குறில் எது, நெடில் எது என்று தெரியாத இடத்தில் தன் ஊருக்கு வசதியானதை வாசிப்பது மனித இயல்பு. பதிப்பாசிரியர்கள் இதற்குப் பாடபேதம் என்று மரியாதையாகப் பேர் வைத்திருக்கிறார்கள்.

படி 4: ஒரு சுங்க அதிகாரியைப் பிடியுங்கள்

துறைமுகத்தில் இருப்பவருக்கு இந்தப் படி லேசு. கவிஞர்களை நம்பாதீர்கள், அவர்கள் அடுத்தவன் கவிதையைப் படியெடுக்கமாட்டார்கள். உங்களுக்குத் தேவை நல்ல கையெழுத்தும் நிரந்தரச் சம்பளமும் உள்ள ஓர் அரசாங்க உத்தியோகத்தர்.

ஹார்ட்மன் ஃபொன் அவுவெ என்பவர் 12ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எரெக் என்ற காவியம் பாடினார். ஆர்தர் அரசன் கதையை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த முதல் காவியம் என்று இலக்கிய வரலாறுகள் அதைக் கொண்டாடும். கொண்டாடப்படும் அந்த நூலுக்குச் சில துண்டுகளைத் தவிர ஏறக்குறைய முழுமையான பிரதி ஒன்றே ஒன்றுதான். அது கவிஞர் காலத்துக்கு முந்நூறு ஆண்டு பிந்தியது. எழுதியவர் ஹான்ஸ் ரீட், போட்சன் நகரத்துச் சுங்க அதிகாரி. பேரரசர் மாக்சிமிலியன் பழைய வீரர் கதைகளை எல்லாம் ஒரே புத்தகமாகப் பார்க்க ஆசைப்பட்டார். 1504இல் தொடங்கி 1516 வரை ரீட் தோலில் எழுதிக்கொண்டே இருந்தார். அதில் 25 படைப்புகள் உண்டு. அவற்றில் 15க்கு உலகத்தில் வேறு பிரதியே கிடையாது. எரெக்கின் தொடக்கம் அதிலும் இல்லை. இருந்தாலும் மீதி கிடைத்ததே பெரும்பேறு. அவர் மட்டும் சுங்கச்சாவடியில் ஒழுங்காகச் சாமான் சோதித்துக்கொண்டிருந்திருந்தால் ஜெர்மன் இலக்கியத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

நம் பக்கத்திலும் உத்தியோக ஆசை ஒன்று வேலை செய்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதற்காக மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். குளக்கோட்டனுக்குச் சக ஆண்டு 358ஐக் கொடுத்ததும் அந்த நூல்தான். கேட்டவர் அதிகாரி, ஆகவே நூல் முடிந்தது. கேட்டவர் நண்பராக இருந்திருந்தால் ‘அடுத்த பொங்கலுக்குள் முடித்துவிடுவேன்’ என்ற பதிலோடு நின்றிருக்கும்.

செய்முறை: துறைமுகத்திலோ கச்சேரியிலோ ஓய்வுபெற இரண்டு மூன்று வருஷம் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். உங்கள் நூலைப் படிக்கச் சொல்லாதீர்கள். படியெடுக்கச் சொல்லுங்கள். அது கோப்பு மாதிரித் தெரிந்தால் அவர் விடமாட்டார்.

படி 5: எதிரியின் சுவருக்குள் ஒளித்து வையுங்கள்

நண்பர் வீடு பாதுகாப்பு இல்லை. நண்பர் இரவல் வாங்குவார். பகைவர் வீடுதான் பாதுகாப்பு.

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடித்தது 1622 என்று சிலரும், 1624 என்று சிலரும் எழுதுவார்கள். இடித்த கல்லை என்ன செய்தார்கள்? கடலில் போட்டது போக மிச்சத்தைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். இன்று பிரெடெரிக் கோட்டை வாசலில் நுழைகிறவர்கள் மானுக்குத் தீனி கொடுப்பதில் மும்முரமாக இருப்பார்கள். சற்றே பக்கவாட்டில் பார்த்தால் கல்லில் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் தெரியும். குளக்கோட்டன் கட்டியதைப் பறங்கி பிரிப்பான், பிறகு கண்ணின் நிறத்தால் சுட்டப்படும் இன்னின்னார் ஆள்வார்கள் என்று வருங்காலம் சொல்லும் வெண்பாவின் சிதைந்த பகுதி அது. தன்னை இடிப்பவர்களைப் பற்றிய செய்தி, இடித்தவர்களின் வாசற்காலிலேயே பத்திரமாக இருக்கிறது. கோயில் சுவரிலேயே விட்டிருந்தால் கல் இருந்திருக்குமோ தெரியாது. கோட்டையை யாரும் இலேசில் இடிப்பதில்லை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், வாசல் வாசலாகவே இருந்தது.

ஜெர்மானியர்களுக்கும் இது தெரியும். அங்கே புத்தகம் கட்டுகிறவர்கள் பழைய தோல் ஏடுகளை நறுக்கி, புதுப் புத்தகத்தின் முதுகுக்குப் பட்டையாக ஒட்டுவார்கள். கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள்ளும் பிரசங்கப் புத்தகத்தின் முதுகிலும் காவிய வீரர்கள் நறுக்கப்பட்டு அடங்கிக் கிடந்தார்கள். பல நூற்றாண்டு கழித்து அட்டை பிரிந்தபோது ஓரடி, ஈரடியாக வெளியே வந்தார்கள். பார்சிவாலின் துண்டுப் பிரதிகள் பலவும் அந்த வழியாக வந்தவையே.

இந்தப் படியில் இன்னொரு நுட்பம் உண்டு. முடிவை உடைத்து வையுங்கள். கோட்டை வாசல் கல்லில் தெரிவது சில துண்டுகள். முழு வெண்பா மக்கள் வாயில் இருக்கிறது. கடைசி அடியில் ஆட்சி யாருக்குப் போகிறது என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக்கேற்பப் பொருள் சொல்லி வந்திருக்கிறது. முழுதாகக் கிடைத்திருந்தால் ஒருமுறை வாசித்துவிட்டு மான் பார்க்கப் போயிருப்பார்கள்.

எச்சரிக்கை: அரசர்களிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள். நிபெலுங்கர் காவியத்தின் சுவடி ஒன்று 1755இல் ஹோஹனெம்ஸ் கோட்டையில் ஒரு வைத்தியர் கையில் கிடைத்தது. பிற்பாடு மில்லர் என்ற ஆசிரியர் பழைய ஜெர்மன் காவியங்களை அச்சிட்டுப் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்குக்கு அனுப்பினார். 1784இல் மன்னர் எழுதிய பதிலின் சாரம்: ஒரு வேட்டு மருந்துக்குக்கூடப் பெறாது, என் நூலகத்தில் இதற்கு இடமில்லை. நம் கோட்டைக்குப் பெயர் கொடுத்தவர் இந்த பிரெடெரிக் அல்லர் என்று நிம்மதி அடையுங்கள். அவர் ஆங்கில அரசரின் மகன், யோர்க் கோமகன். 1803இல் அவர் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். வாசலில் இருந்த வெண்பாவைப் பற்றி அவரும் அபிப்பிராயம் சொன்னதாகத் தெரியவில்லை. அது நல்லதுதான்.

படி 6: நாயகியைச் சாகடியுங்கள், ஆள் உயிரோடு இருந்தாலும்

கோணேசர் மலையான சாமிமலை உச்சியில் ஒரு தூண். பழைய கோயிலின் தூண் என்பார்கள். அதில் ஒல்லாந்த மொழியில் ஃபிரான்சினா ஃபன் ரேட என்ற பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் பொறித்திருக்கிறது. மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ் என்ற பெருநூலை வெளிக்கொணர்ந்த ஹென்ட்ரிக் ஃபன் ரேடவின் மகள் அவள். தூணில் அவள் செத்ததாக ஒரு சொல் இல்லை. பெயர், தேதி, நட்ட செய்தி, அவ்வளவுதான்.

ஆனால் தூண் நிற்பது செங்குத்துப் பாறையின் விளிம்பில். கீழே கடல். பெண் பெயர் வேறு. இவ்வளவு வசதி இருந்தும் ஒரு காதல் கதை பிறக்காவிட்டால்தான் அதிசயம். காதலித்த அதிகாரி கைவிட்டுக் கப்பலேறிவிட்டான், அவள் இங்கிருந்து பாய்ந்துவிட்டாள் என்று கதை எழும்பியது. ஆங்கிலேயர் காலத்தில் இந்த இடத்துக்குக் காதலர் பாய்ச்சல் என்றே பெயர் நடந்தது. பழைய ஆவணங்களைப் புரட்டியவர்கள், அவள் அதன் பிறகும் பல ஆண்டு உயிரோடிருந்தாள் என்று காட்டினார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் எளிது. ஆவணத்தால் யாருக்கு என்ன வருமானம்? பாய்ந்த கதையைச் சொன்னால் சுற்றுலாக்காரர் விளிம்புவரை வந்து பார்ப்பார், படம் எடுப்பார், வழிகாட்டிக்குக் காசு கொடுப்பார். உயிரோடு ஒல்லாந்துக்குப் போன ஒரு பெண்ணைக் காட்டி எந்த வழிகாட்டி சோறு தின்ன முடியும்? தானத்தாரின் உரிமை கோணேசர் கல்வெட்டைக் காத்த அதே விதி, இங்கே ஒல்லாந்த உடையில் நிற்கிறது.

படி 7: வருஷத்துக்கு ஒருமுறை வாசிக்க ஒரு நாள் குறியுங்கள்

தமிழ்நாட்டில் சிலப்பதிகாரம் உ. வே. சாமிநாதையரின் கையால் 1892இல் அச்சேறியது. அதுவரை அந்தப் பெயரையே அறியாத படித்தவர்கள் அங்கே நிறைய. அதே காலத்தில் கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் கோவலன் கதையை வைகாசி மாதத்தில் உடுக்கொலியோடு பாடிக்கொண்டிருந்தார்கள். அது இளங்கோவின் பாடமில்லை, கண்ணகி வழக்குரை என்ற வேறு பாடம். பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் அதைப் பதிப்பித்தார். நம் பக்கத்திலும் பாலம்போட்டாறு, நீலாப்பளை என்று பத்தினியம்மன் கோயில்கள் உண்டு.

ஏன் மறக்கவில்லை? மறந்தால் அம்மன் குளிரமாட்டாள். அம்மன் குளிராவிட்டால் வெயில் ஏறும், அம்மை போடும், மழை பிந்தும். எந்த விமர்சகராலும் ஒரு நூலுக்கு இவ்வளவு பலமான பரிந்துரை எழுத முடியாது. வாசிப்பது கடமையாகிவிட்டால் ஏடு பழசாகும்போது புது ஏடும் கடமையாகிவிடும். வருஷா வருஷம் பிரிக்கிற கட்டில் கறையானுக்கு நிம்மதியாகக் குடியிருக்க முடியாது.

புராண படனத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர் பயன் சொல்லும் வழக்கத்தையும் கவனியுங்கள். ஒருவர் நூலைக் காக்கிறார், மற்றவர் அதைத் தன் காலத்துக்கு இழுத்துவருகிறார். உங்கள் நாவலுக்கும் இப்படி இரண்டு பேரை நியமியுங்கள். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவராக இருந்தால் மிக நல்லது. பிழை வாசித்தால் உடனே பிடிபடும்.

செய்யக்கூடாதது: வெறும் காதல் கதை எழுதுவது

இவ்வளவு சொல்லியும் காதலை மட்டும் நம்பி எழுதுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்காக ஓர் உதாரணம். திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் மாநிலக் கல்லூரியை ஒட்டிய கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் பணியாற்றினார். ஊராருடைய ஏடுகளுக்கெல்லாம் காவல் இருந்தவர். 1895இல் மோகனாங்கி என்ற நாவலை வெளியிட்டார். மதுரைச் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை நாயக்கர் வீட்டுப் பெண்ணுக்கும் இடையிலான காதல். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இன்று அதைச் சொல்கிறார்கள்.

அவர் செய்த பிழை என்ன என்று பாருங்கள். சுவடியாக இல்லாமல் அச்சில் வந்தது. ஆசிரியர் பெயர் தெளிவாக இருந்தது. ஆண்டு சரியாக இருந்தது. கதை முழுதாக முடிந்தது. அதில் எந்தக் கோயிலுக்கும் நெல் அளக்கப்படவில்லை, எந்தக் குடும்பத்துக்கும் பரிவட்டம் கட்டப்படவில்லை. சுருங்கிப் பாடநூலாக ஒரு காலம் பள்ளிக்கூடம் போனது. பிறகு பெயர் இலக்கிய வரலாறுகளில் இருந்தது, புத்தகம் கையில் இல்லை. இந்த நூற்றாண்டில் மறுபதிப்பு வரும்வரை முதல் வரலாற்று நாவலை வாசிக்காமலே முதல் வரலாற்று நாவல் என்று எழுதினோம். ஓலையில் எழுதிய கவிராசர் தப்பிவிட்டார், அச்சுக்கூடம் கண்ட சரவணமுத்துப்பிள்ளை அருந்தப்பில் தப்பினார். ஓலைக்கு இல்லாத பலம் காகிதத்துக்கு இருக்கலாம். ஆனால் அந்த ஓலை இல்லாமல் போனால் ஏதோ ஒரு வீட்டுக்கு நட்டம். இந்தக் காகிதம் இல்லாமல் போனபோது யார் வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கவில்லை.

அடிக்கடி எழும் ஐயங்கள்

நல்லதொரு நூலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் போதாதா?

கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்களும் சுவடிகளுமாக ஒரே இரவில் எரிந்தன. அங்கே வேடிக்கைக்கு இடமில்லை, பாடத்துக்கு மட்டும் இடம் உண்டு: ஒரு கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்திருக்கிறது. அங்கே ஒன்று, பேசாத குடும்பம் இரண்டிலும் ஒவ்வொன்று, கோட்டைச் சுவரில் ஒன்று. இதுதான் சரியான பங்கீடு.

கணினியில் ஏற்றிவிட்டால் இனி அழிவே இல்லைத்தானே?

எண்ணெய் பூசாத ஓலையும் திறக்காத கோப்பும் ஒரே வழியில்தான் போகும். எந்தப் பொருளில் எழுதினாலும் அடுத்த தலைமுறையில் ஒருவர் எடுத்து, தூசி தட்டி, புதிய பொருளுக்கு மாற்ற வேண்டும். அவர் ஏன் அந்தச் சிரமப்பட வேண்டும் என்பதற்கு நூலுக்குள்ளேயே ஒரு காரணத்தை வைத்துவிடுவதுதான் எழுத்தாளர் வேலை.

என் நூல் அழகானது. அழகே ஒரு காரணம் ஆகாதா?

ஆகும். வொல்ஃப்ராமுக்கு ஆனது. ஆனால் அவருடைய காவியத்தைச் சொந்தமாக வைத்திருப்பது பெரிய மனிதர் வீட்டுக்குக் கௌரவம் என்று பிரபுக்களை நம்பவைக்கவும் முடிந்தது. 1477இல் அச்சேறும் அளவுக்கு அந்தக் கௌரவம் நீடித்தது. அழகு வாசகனை ஒருமுறை கூட்டிவரும். படியெடுக்கிறவன் கை வலிக்க வலிக்க எழுதுவதற்கு, அந்தப் புத்தகம் தன் வீட்டில் இருந்தால் தனக்கு ஏதோ கூடும் என்று தோன்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லை. ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.

சரி. உங்கள் நாவலில் ஊர்த் திருவிழா ஒன்றை நுழையுங்கள். அதில் முதல் மரியாதை பெறும் குடும்பத்தின் பெயரை எழுதுங்கள், ஆனால் பிழையாக எழுதுங்கள். அடுத்த வாரமே திருத்தச் சொல்லி அந்த வீட்டுப் பெரியவர் வந்து நிற்பார். திருத்திக் கொடுங்கள். அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் வருவார், முந்திய பதிப்புத்தான் சரி என்பார். இருவரிடமும் ஆளுக்கு இருபது பிரதி விற்றுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுங்கள். உங்கள் நூலை இனி அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.